ஹெவி மெட்டல் என்கிற ராக் இசை வெறும் இரைச்சல்தானே, அதைப் பற்றி உருப்படியான புத்தகங்கள் உண்டா?

உண்டு. பேராசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். கோத்தகிரியில் எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான்.

ராபர்ட் வால்சரின் 'ரன்னிங் வித் த டெவில்' (1993) முதலில் படியுங்கள். எட்டி வான் ஹேலன், ராண்டி ரோட்ஸ் இருவரின் கிதார் வாசிப்பைச் சுரம் சுரமாகப் பிரித்து, பாக், விவால்டி போன்ற மேற்கத்திய செவ்வியல் இசை மேதைகளின் சாயல் எங்கே வருகிறது என்று காட்டுகிறார். மெட்டல் கிதாரில் அடிக்கடி வரும் 'பவர் கார்டு' என்ற சுரச்சேர்க்கை ஏன் அவ்வளவு கனமாகக் கேட்கிறது? வாசிப்பது இரண்டே சுரங்கள்தான். ஆம்ப்ளிஃபயரில் ஒலி சிதையும்போது அவற்றுக்கும் கீழே இன்னொரு சுரம் பிறக்கிறது.

டீனா வைன்ஸ்டீனின் 1991 நூல் சமூகவியல். ரசிகர்கள், கச்சேரி, உடை என்று போகும். கொஞ்சம் வறட்சிதான்.

கலைஞர்களே எழுதியது வேண்டுமென்றால் பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் 'அயர்ன் மேன்' (2011). 17 வயதில் பர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் அவருடைய வலது கை விரல் நுனிகள் இரண்டைத் துண்டித்துவிட்டது. அவர் இடது கைக்காரர்; தந்தியை அழுத்த வேண்டியதே அந்த விரல்கள்தான். மனிதர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். பின்னாளில் தந்திகளையும் தளர்த்தினார். பிளாக் சபாத்தின் அந்தக் கனத்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த என் சித்தப்பாவுக்கு இந்தப் பகுதியை மட்டும் சொன்னேன். "பாட்டெல்லாம் வேண்டாம், அப்புறம் என்ன ஆச்சு?" என்றார்.

மலையில் இருப்பவர் என்றால் புத்தகத்தை அலமாரியில் அடைத்து வைக்காதீர்கள். என் வால்சர் பிரதி ஆடி மாத ஈரத்தில் பூஞ்சை பிடித்து, இப்போது அடுப்புப் பக்கம் காய்கிறது.