கேள்வி – பதில்: வான்கூவர் மலையடிவாரத்தில் ஒரு நாள்

கேள்வி: செப்டம்பர் இறுதியில் நானும் என் கணவரும் கனடாவின் வான்கூவர் நகரில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறோம். மகளும் மருமகனும் வேலைக்குப் போகும் ஒரு நாளில், பேருந்திலேயே தொங்குபாலம், கிரவுஸ் மலை, விஸ்லர் மூன்றையும் பார்த்துவிட முடியுமா? என் கணவருக்கு மூட்டுவலி உண்டு. – வாசகி, மதுரை

பதில்: முடியாது, அம்மா. விஸ்லர் என்னும் மலையூர் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதைச் சேர்த்தால் உங்கள் நாளின் பெரும்பகுதி சாலையிலேயே போய்விடும். மகளுக்கு விடுமுறை கிடைக்கும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவர் மட்டும் செல்லும் நாளுக்குக் கப்பிலானோ என்னும் ஒரே ஓர் ஆற்றின் கரை போதும் என்பது என் உறுதியான கருத்து.

நகரின் வாட்டர்ஃபிரண்ட் நிலையத்திலிருந்து 'சீபஸ்' என்னும் பயணிகள் படகில் ஏறினால், சுமார் 12 நிமிடத்தில் எதிர்க்கரையிலுள்ள லான்ஸ்டேல் கீயில் இறங்கலாம். அங்கிருந்து புறப்படும் 236ஆம் எண் பேருந்து தொங்குபாலத்தையும் கிளீவ்லேண்ட் அணையையும் கடந்து கிரவுஸ் மலையடிவாரம் வரை செல்கிறது. முதலில் அணைக்குப் போங்கள். 1954இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் மேற்பகுதி சமதளமாக இருப்பதால் உங்கள் கணவர் சிரமமின்றி நடக்கலாம். ஒருபுறம் மலைகள் சூழ்ந்த ஏரி, மறுபுறம் ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்துக்கு விழும் நீர். வான்கூவர் வட்டார மக்களின் குடிநீரில் ஒரு பங்கு இந்த ஏரியிலிருந்தே செல்கிறது. உங்கள் மகள் வீட்டுக் குழாயிலும் இந்த நீர் வரக்கூடும்.

ஆனால் நகரத்துக்கு நீர் தந்த அந்த அணை, கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீன்களின் வழியை அடைத்துவிட்டது. அதற்கு ஈடாகவே அணைக்குச் சற்றுக் கீழே 1971இல் மீன்குஞ்சு பொரிப்பகம் ஒன்று அமைக்கப்பட்டது. அனுமதி இலவசம். நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றின் வாசனையை அடையாளம் கண்டு திரும்பிவரும் கோஹோ, சினூக் வகை மீன்கள், படிப்படியாக அமைந்த நீர்வழியில் எதிர்நீச்சலிட்டுத் தாவி ஏறுவதைக் கண்ணாடித் தடுப்பின் வழியே கையெட்டும் தூரத்தில் காணலாம். ஆற்றுக்குள் நுழைந்தபின் அவை இரை எடுப்பதில்லை, முட்டையிட்டதும் இறந்துவிடுகின்றன. நீங்கள் செல்லும் செப்டம்பர் இறுதி அவை வரும் காலம் என்பதால், இதை மட்டும் தவறவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அணையிலிருந்து இறங்கும் காட்டுப்பாதை சரிவானது. மூட்டுவலி உள்ளவர் பொரிப்பகத்தின் வாசல்வரை செல்லும் சாலையில் வாடகைக் காரில் போவதே நல்லது.

ஆற்றுப் பாறைகளில் இறங்க வேண்டாம். 2020 அக்டோபரில் அணையின் கதவு எதிர்பாராமல் திறந்துகொண்டு வெள்ளம் பாய்ந்ததில், கீழே மீன்பிடித்துக்கொண்டிருந்த இருவர் உயிரிழந்தனர்.

இனித் தொங்குபாலம். 1889இல் ஜார்ஜ் கிராண்ட் மக்கே என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் சணல் கயிற்றாலும் தேவதாருப் பலகைகளாலும் முதன்முதலில் கட்டிய இடத்தில், இன்று எஃகு வடங்களில் 140 மீட்டர் நீளப் பாலம் ஆற்றுக்கு 70 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. கட்டணம் அதிகம், நடக்கும்போது நன்றாக ஆடவும் செய்யும். பாலத்தில் நடக்கும் அனுபவம் மட்டும் போதுமென்றால், வேறொரு நாள் லின் கேன்யன் பூங்காவுக்குச் செல்லுங்கள். அங்கே 1912இல் திறக்கப்பட்ட, சுமார் 50 மீட்டர் உயரத்தில் தொங்கும் பாலத்துக்குக் கட்டணமே இல்லை. எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும்.

கிரவுஸ் மலையை அன்றைய வானம் தீர்மானிக்கட்டும். பசிபிக் கடலின் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மேலெழுவதால், நகரில் வெயில் அடிக்கும்போதே சிகரம் மேகத்துக்குள் மறைந்திருக்கலாம். படகிலிருந்து சிகரம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் கம்பிவட ஊர்திக்குச் சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: அந்தக் காடுகளில் கரடி வருமாமே? – அதே வாசகி

பதில்: கருங்கரடிகள் உண்டு, இலையுதிர் காலத்தில் இரைதேடி அதிகம் நடமாடும். பேசிக்கொண்டே நடந்தால் பெரும்பாலும் அவையே விலகிவிடும். எதிர்ப்பட்டால் ஓடாமல், அமைதியாகப் பேசியபடி பின்னோக்கி நகருங்கள். கட்டுச்சோற்றின் மிச்சத்தைப் பாதையோரத்தில் போடாமல் பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். மனித உணவுக்குப் பழகிய கரடி ஊருக்குள் வரத் தொடங்கும், பல நேரம் அதைக் கொல்லவேண்டி வருகிறது.