சிந்திக்கும் வகுப்பறை: வேலூர் வட்டார ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (குடியாத்தம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியை): ஐயா, என் மாணவர்கள் வகுத்தலைத் தவறின்றிச் செய்கிறார்கள், அதுவே வாக்கியக் கணக்காக வந்தால் தடுமாறுகிறார்களே?

பதில்: ஏலகிரிச் சுற்றுலாவுக்குச் செல்லும் 212 பேருக்கு, 50 இருக்கைகள் கொண்ட பேருந்துகள் எத்தனை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பலர் 'ஈவு 4, மீதி 12' என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். 1980களின் தொடக்கத்தில், 1128 படைவீரர்களைப் பேருந்துக்கு 36 பேராக ஏற்றும் கணக்கை அமெரிக்காவில் 13 வயது மாணவர்களுக்குக் கொடுத்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவரே 32 என்று சரியாக எழுதினர். ஆகவே விடை வந்த பிறகு, "அந்த 12 பேர் எதில் வருவார்கள்?" என்று கேளுங்கள். கணக்குகளைத் தீர்க்கக் கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வகுத்த நான்கு படிகளில் கடைசியானது, விடையைத் திரும்பிப் பார்ப்பது. மணி அடித்துவிடும் என்ற அவசரத்தில் நாம் விட்டுவிடுவதும் அதைத்தான்.

கேள்வி (இராணிப்பேட்டை, வரலாற்று ஆசிரியர்): தேர்வில் 1806 வேலூர்ப் புரட்சியின் காரணங்களை மட்டுமே கேட்கிறார்கள். இதில் சிந்தனைக்கு இடம் எங்கே இருக்கிறது?

பதில்: நிறையவே இருக்கிறது. தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறிகளுக்கும் காதணிகளுக்கும் விதிக்கப்பட்ட தடையும் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன என்று படித்து முடித்ததும், அது மட்டுமே காரணமென்றால் சூலை 10 அன்று கோட்டையில் திப்புவின் கொடி ஏன் ஏறியது என்று கேளுங்கள். திப்புவின் பிள்ளைகள் அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்ததை ஒரு மாணவி சுட்டிக்காட்டுவாள். அவர்களுடைய தூண்டுதலே காரணமென்றால், அரசு அந்த ஆணையை ஏன் திரும்பப் பெற்றது, ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் ஏன் திருப்பி அழைக்கப்பட்டார்கள் என்று இன்னொருவன் மடக்குவான். நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல், எந்தச் சான்று எந்தக் காரணத்துக்கு வலுச் சேர்க்கிறது என்பதை மட்டும் கரும்பலகையில் எழுதி வாருங்கள். புரட்சியைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலேயர் எழுதியவை என்பதையும் மறைக்க வேண்டாம். இப்படி வாதாடிய பிள்ளைக்குத் தேர்வில் காரணங்கள் மறந்துபோவதில்லை.

கேள்வி (அணைக்கட்டு, பி.எட். மாணவி): நான் கேள்வி கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது, ஐயா.

பதில்: ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்றும், மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள், முதல் பெஞ்சில் தூக்கிய கையை உடனே அழைக்காதீர்கள்.

கேள்வி (காட்பாடி, பெற்றோர்): சிந்தனைத் திறனுக்கென்று தனிப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: தேவையில்லை. புதிர் விடுவிக்கும் பழக்கம் அறிவியல் பாடத்துக்குத் தானாக வந்து உதவாது. பாடப்பொருள் தெரியாமல் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவும் முடியாது. அந்தக் கட்டணத்தில் கதைப் புத்தகங்களும் அறிவியல் புத்தகங்களும் வாங்கிக் கொடுங்கள்.