வாசகர் கேள்வி: சுட வேண்டியது யாரை?

கேள்வி: எங்கள் ஊரில் நடந்த வீதி நாடகத்தில், கூலிவேலைக்குப் போகும் தகப்பன் கசிப்பு (சட்டவிரோதமாகக் காய்ச்சும் சாராயம்) குடிப்பவனாகவும், தாய் கடன்பட்டுக் கைத்தொலைபேசி வாங்குபவளாகவும் காட்டப்பட்டனர். கேட்டால், "சமூக விமர்சனம் என்றால் சுடத்தான் செய்யும்" என்கிறார்கள். இது சரியா?
வாசகி, விசுவமடு

பதில்: விமர்சனம் சுட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால், ஏற்கெனவே நொந்திருப்பவரைச் சுடுவதற்குத் துணிச்சல் எதுவும் தேவையில்லை. 2009 இல் போரில் வீடு, மாடு, விதைநெல் அனைத்தையும் இழந்து மீள்குடியேறிய வன்னிப் பெண்களின் வாசலுக்கே பெண்களைக் குழுவாகச் சேர்த்துச் சிறுதொகைக் கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. குழுவில் ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், ஒரு நிறுவனத்தின் வாரத் தவணைக்கு இன்னொன்றில் கடன் எடுத்து, அதை அடைக்கக் காதுத் தோட்டை அடகு வைத்தவர்கள் பலர். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசே அறிவிக்க நேர்ந்தது. இவையெல்லாம் ஆடம்பர ஆசையால் வந்த கடன்களா?

கைத்தொலைபேசியையும் சொல்லிவிடுகிறேன். 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகள் பலருக்குப் பாடம் வாட்ஸ்அப்பில்தான் வந்தது.

கசிப்பு உண்மையான பிரச்சினை, அதை மறைக்கக் கூடாது. ஆயினும் அதைக் காய்ச்சி விற்று உழைப்பவரும், தவணை அறவிட முற்றத்தில் வந்து நிற்கும் உத்தியோகத்தரும் அந்த நாடகத்தில் ஏன் பாத்திரமாக வரவில்லை என்று, அடுத்த மேடையேற்றத்துக்கு முன்னரே குழுவினரிடம் கேளுங்கள்.