ஆணி, கயிறு, காலுறை: சிங் நாடகம் போடுவோருக்கு (வாசகர் கேள்வி–பதில்)

கே: ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங் எழுதிய ‘ரைடர்ஸ் டு த சீ’யைத் தமிழில் போட நினைக்கிறோம். அனுமதி வாங்க வேண்டுமா? எத்தனை பேர் தேவை? (நாடகக் குழு, காசிமேடு)

ப: மூலத்துக்கு அனுமதி வேண்டாம். சிங் 1909-இல், 37 வயதில் இறந்துவிட்டார். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. ஆனால் அச்சில் வந்த தமிழ் மொழிபெயர்ப்பு எதையாவது எடுத்தால், அதற்கு மொழிபெயர்த்தவரின் உரிமை தனி. நீங்களே மொழிபெயர்ப்பது நல்லது. சின்ன நாடகம்தான், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அயர்லாந்தின் மேற்கே ஒரு தீவில், வீட்டு ஆண்களை ஒவ்வொருவராகக் கடலுக்குக் கொடுக்கும் ஒரு தாயின் கதை.

தாய் மோரியா, மகள்கள் கேத்லீன், நோரா, மகன் பார்ட்லி என்று முக்கியப் பாத்திரங்கள் நான்கே. கடைசியில் வரும் பெண்களையும் உடலைத் தூக்கிவரும் ஆண்களையும் சேர்த்துப் பத்துப் பேர் போதும்.

மொழிபெயர்க்க உட்காரும் முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று: பார்ட்லி கேத்லீனுக்கு அண்ணனா, தம்பியா? மூலத்தில் பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொள்கிறார்கள், மூத்தவர் யார் என்பது தெரிவதில்லை. தமிழில் அப்படி நழுவ முடியாது.

கே: கதையை அப்படியே எங்கள் ஊருக்கு மாற்றிவிடலாமா? (அதே குழு)

ப: மாற்றலாம், முன்னுதாரணம் உண்டு. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1937-இல் இதை உள்நாட்டுப் போர் நடக்கும் ஸ்பெயினின் மீனவ வீட்டுக்குக் கொண்டுபோய் ‘செனோரா கராரின் துப்பாக்கிகள்’ ஆக்கினார். கரீபியக் கவிஞர் டெரக் வால்காட் இதன் உந்துதலில் கரீபியக் கடலோரத்தை வைத்து ‘தி சீ அட் டாஃபின்’ எழுதினார். ஆனால் சிங் கதையைப் பொருள்களை வைத்தே நகர்த்துகிறார். அவற்றில் ஒன்றை உருவினாலும் அடுத்த காட்சி ஆடிப்போகும்.

முதலில் துணி மூட்டை. வடக்கே டோனகாலில் கரை ஒதுங்கிய ஒரு உடலின் சட்டையும் ஒற்றைக் காலுறையும் வீட்டுக்கு வருகின்றன. அது ஒன்பது நாளாய்க் காணாத அண்ணன் மைக்கேலுடையதா என்று பார்க்க வேண்டும். சட்டையை வைத்து முடிவு சொல்ல முடிவதில்லை, கால்வே நகரக் கடைகளில் அதே துணி சுருள் சுருளாய்க் கிடைக்கிறது. காலுறையை நோரா தானே பின்னியவள். அறுபது கண்ணி போட்டு நாலை விட்டது அவளுக்கு நினைவிருக்கிறது, எண்ணிப் பார்க்கிறாள், சரியாக இருக்கிறது. ஆக உங்களுக்கும் இரண்டு பொருள் வேண்டும்: ஒன்று சந்தேகம் தருவது, மற்றது தீர்த்துவைப்பது. எம்.சி. ரோட்டில் யாரும் வாங்கக்கூடிய சட்டை முதலாவதற்குப் போதும். இரண்டாவது, தங்கை கையால் தையல் போட்ட ஏதாவது ஒரு துணி. அரைஞாண், டாலர் என்று போனால் எண்ணுவதற்கு எதுவும் இருக்காது, காட்சி படுத்துவிடும்.

அடுத்து வெள்ளைப் பலகைகள். மைக்கேல் உடல் கிடைத்தால் பெட்டி செய்ய வாங்கி, சுவரில் சாய்த்து வைத்தவை. கடைசியில் பார்ட்லிக்குப் பயன்படுகின்றன. அப்போதுதான் ஆணி வாங்க மறந்தது தெரிகிறது. கதையை இன்றைய காலத்தில் வைத்தால் ஒரு போனில் ஃப்ரீசர் பாக்ஸ் வந்து நிற்கும், பலகைக்கு வேலையே இல்லை. காலத்தை ஐம்பது, அறுபது ஆண்டு பின்னே தள்ளி, ராயபுரம் பக்கத்துக் கத்தோலிக்க மீனவக் குடும்பமாக வையுங்கள். பெட்டி, தீர்த்தம், பேச்சில் மட்டும் வந்து மேடைக்கு வராத இளம் ஃபாதர் எல்லாம் தானாகப் பொருந்தும்.

கயிறும் அப்படியே. சவப்பெட்டியை இறக்க வேண்டும் என்று தாய் வைத்திருக்கும் புதுக் கயிற்றை, கால்வே சந்தையில் குதிரை விற்கக் கிளம்பும் மகன் குதிரைக்குத் தலைக்கயிறாகத் திரிக்கிறான். படகுக் கயிறாக மாற்றினாலும் இரண்டு தேவைக்கும் இழுபடுவது ஒரே கயிறாக இருக்கட்டும்.

குதிரைதான் சிரமம். பலரும் படகைக் கவிழ்த்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். பார்ட்லி படகு ஏறுவதற்குள்ளேயே சாகிறான். சாம்பல் நிறக் குதிரை அவனைக் கடலில் தள்ளிவிடுகிறது. கரையிலிருந்து படகைத் தள்ளும்போது அலை அதைக் குறுக்கே திருப்பி ஆளை அடித்துப்போட்டதாக மாற்றினால் படகு ஏறுமுன்பே சாகும் இந்தக் குரூரம் கெடாமல் நிற்கும்.

கே: கடைசிக் காட்சியில் மரண கானா வைக்கலாமா? (தண்டையார்பேட்டை)

ப: வேண்டாம். அங்கே பெண்கள் மெல்லிய குரலில் ஓலமிட, அதன் மேல்தான் மோரியா பேசுகிறாள். அவள் அழுகை முடிந்துபோனவள். கணவன், மாமனார், ஆறு மகன்கள் எல்லாம் போன பிறகு கடல் இனித் தன்னை எதுவும் செய்ய முடியாது என்கிறாள். சட்டி, பறை என்று இறங்கினால் கைதட்டல் கிடைக்கும், அந்தப் பேச்சு காதில் விழாது. நான்கைந்து பெண்கள், தாளமில்லாத முனகல், அவள் வாய் திறந்ததும் பாதிச் சத்தம். இவ்வளவு போதும். மெட்ராஸ் பாஷையைச் சினிமாச் சிரிப்பு வாடையோடு பேசினாலும் இதே கதிதான்.

கே: மேடையில் கவனிக்க வேண்டியது? (திருவொற்றியூர்)

ப: கதவு. உடல் பலகையில் வருகிறது, மேலே பாய்மரத் துணி. ஆறரை அடிப் பலகையை இரு பக்கமும் ஆள் பிடித்து நுழைய நாலரை அடி வாசலாவது வேண்டும். மூன்றடியில் விட்டால் வாசலில் பலகையைச் சாய்த்துத் திருப்புவார்கள், சபை சிரிக்கும். மேசை அந்த எடையைத் தாங்குமா என்று ஒத்திகையிலேயே ஆளைப் படுக்கவைத்துப் பாருங்கள். தண்ணீர் சொட்ட வேண்டும் என்று வாளியைக் கவிழ்க்காதீர்கள், தூக்குகிறவர் வழுக்கிவிழுவார். பாய்மரத் துணியை நனைத்துப் பிழிந்து, ஓரத்தை மட்டும் ஈரமாக விட்டால் போதும்.

இன்னொன்று நேரம். மோரியா கிளம்பிய மகனைப் பார்க்கப் போய்த் திரும்புவதும், மகன் செத்து உடல் வருவதும் சில நிமிடங்களில் நடந்துவிடுகின்றன. கேத்லீன் ராட்டையில் நூற்கும் இடங்களில் நிதானித்தால்தான் நம்ப முடியும்.

கே: சிங்கின் இன்னொரு நாடகத்துக்கு டப்ளினில் கலாட்டா நடந்ததாமே? (கல்லூரி மாணவி, பெரம்பூர்)

ப: ‘தி ப்ளேபாய் ஆஃப் த வெஸ்டர்ன் வேர்ல்ட்’, ஆபே தியேட்டர், 1907 ஜனவரி 26. அப்பனைக் கொன்றேன் என்று வரும் பையனைக் கிராமம் வீரனாகக் கொண்டாடுகிறது. பிறகு அப்பன் உயிரோடு வந்து நிற்கிறான். ஐரிஷ் கிராமத்தாரை அவமதித்துவிட்டார் என்று தேசியவாதிகள் கொதித்தார்கள். மூன்றாம் அங்கத்தில் பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல் வந்ததும் அரங்கமே இரைந்தது. அந்த வாரம் முழுக்கப் போலீஸ் காவலோடு நடந்தது. ஆபே நிறுத்தவில்லை.

கே: சிங்குக்குப் பிறகு பெக்கெட் போடலாமா? (வியாசர்பாடி)

ப: போடலாம், ஆனால் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிய பிறகு. அவர் இறந்தது 1989, இங்கே உரிமை 2049 முடியும் வரை உண்டு. மேடைக் குறிப்பைக்கூட மாற்ற விடமாட்டார்கள். அதற்கு முன் சிங்கின் ‘தி வெல் ஆஃப் த செயின்ட்ஸ்’ (1905) படியுங்கள். இரண்டு குருட்டுப் பிச்சைக்காரர்கள் வழியோரம் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால் பெக்கெட்டின் ‘வெயிட்டிங் ஃபார் கோடோ’ நாடகத்து நாடோடிகள் எங்கிருந்து வந்தார்கள் என்று புரியும். அதற்கு அனுமதியும் வேண்டாம்.