தோள்வலியும் தண்டவாளமும்

அன்புள்ள ஐயா,

எடை தூக்கும் பெண்கள், தசை முறுக்கேறிய பெண்கள் மீது கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு ஒரு வியப்பு உண்டு. நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பெண்மை கெட்ட உடம்பில் என்ன அழகு என்கிறார்கள். இது கோணல் ரசனையா? இன்னொன்று. கோவையிலிருந்து சென்னைக்குப் புறப்படும்போதெல்லாம் வீட்டில் வழக்கு. மனைவி ரயில் என்கிறாள், நான் கார் என்கிறேன். காரில் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் எப்போதும் ரயில் கட்சி. காரணம் என்ன? சம்பந்தமில்லாத இரண்டை ஒரே கடிதத்தில் கேட்டதற்கு மன்னிக்கவும். பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கோணலும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் நண்பர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வீடு கட்டும்போது சித்தாள் ஒருத்தி தலையில் செங்கல் சுமந்து சாரம் ஏறினாளே, அப்போது பெண்மை கெடுகிறது என்று யாராவது குறுக்கே விழுந்து தடுத்தார்களா? கொத்தனாரைவிடக் குறைந்த கூலிக்கு உழைக்கும் வரை பெண்ணின் தசை யார் கண்ணையும் உறுத்துவதில்லை. அதே தசையோடு ஒருத்தி மேடையேறி விளக்கு வெளிச்சத்தில் நிற்கும்போதுதான் அழகியல் பேச வந்துவிடுகிறார்கள்.

இந்தச் சங்கடம் பழையது. மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் போனால் நின்று பாருங்கள். சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு தேவி வில்லேந்தி வருகிறாள். எதிரே எருமைத் தலையன் தண்டாயுதத்தோடு பின்வாங்குகிறான். பருத்த உடம்பு அவனுக்கு, மெலிந்த உடம்பு அவளுக்கு. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அவளுக்குக் கூடுதலாக ஆறு கைகள் கொடுத்தான். ஒரு புஜத்தைத் திரட்டிக் காட்ட மட்டும் மனம் வரவில்லை. மகத்தான சிற்பம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் இது கண்ணில் படுகிறது.

பெண்களுக்கான பளுதூக்குதல் ஒலிம்பிக்ஸில் நுழைந்ததே 2000இல், சிட்னியில்தான். அங்கேயே கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் இரண்டு வகைத் தூக்கலிலும் சேர்த்து மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக்ஸில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் மீராபாய் சானு. ரியோவில் 2016இல், கம்பியைத் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் ஏற்றும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சிகளும் பாழாகி, பெயருக்கு நேராக மொத்த எடையே இல்லாமல் திரும்பியவர். கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போன டோக்கியோ போட்டியில் 49 கிலோ பிரிவில் நின்றுகொண்டு 115 கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றினார். தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கம்பி முதலில் தோளுக்கு வருகிறது. குந்திய நிலையிலிருந்து தொடைகள் உடம்பை எழுப்புகின்றன. பிறகு ஒரு மூச்சு, ஒரு உதறல், கைகள் பூட்டிக்கொள்கின்றன. நடுவர் சைகை வரும்வரை ஆடாமல் நிற்க வேண்டும். காதில், அம்மா தன் நகையை விற்றுச் செய்துகொடுத்த ஒலிம்பிக் வளையக் கம்மல்.

உங்கள் இரண்டு கேள்விகளும் இங்கேதான் சந்திக்கின்றன. மீராபாயின் ஊர் மணிப்பூரின் நோங்போக் காக்சிங். பயிற்சி இம்பாலில், இருபது கிலோமீட்டருக்கும் மேல். அந்த நாட்களில் இம்பாலுக்கு ரயில் கிடையாது; வீட்டில் காருக்கு வழியில்லை. ஆற்று மணல் ஏற்றிச் செல்லும் லாரிகள் காசு வாங்காமல் அவரை ஏற்றிச் சென்றன. பதக்கத்தோடு ஊர் திரும்பியதும் அந்த ஓட்டுநர்களையும் உதவியாளர்களையும் தேடிப் பிடித்து, சுமார் 150 பேருக்கு விருந்து வைத்து, சட்டையும் மணிப்பூரித் துண்டும் கொடுத்தார். அந்தத் தொடைத் தசையில் எத்தனை லாரிக்காரர்களுக்குப் பங்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

'யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்' என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் எனக்கு உங்களோடு வழக்கு. காரிலும் எதிர்பார்க்கத்தான் செய்கிறீர்கள். எதிரே வருகிறவன் தூங்காமல் இருக்க வேண்டும், லாரி சரியான தடத்தில் வர வேண்டும், நீங்களும் ஏழெட்டு மணி நேரம் கண் இமைக்காமல் இருக்க வேண்டும். 2022இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் உருளும்போது, டயர் தாரில் உருள்வதை ஒப்பிட்டால் தடை மிகச் சொற்பம். அதனால்தான் அவ்வளவு பாரத்தை அவ்வளவு குறைந்த எரிசக்தியில் இழுக்க முடிகிறது. கோவை–சென்னை வந்தே பாரத் 495 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. கணக்கு இவ்வளவுதான், இதற்குமேல் நீட்ட எனக்குப் பொறுமை இல்லை.

ரயிலில் எனக்குப் பிடித்தது வேறு. சிக்னலுக்காக வண்டி மெதுவாக ஊரும்போது வெளியே பாருங்கள். பளிச்சென்ற மேலுடுப்போடு பாதைப் பராமரிப்புக் குழு ஒதுங்கி நிற்கும். இப்போது அதில் பெண்களும் உண்டு. காலடியில் ஜல்லி, கையில் கடப்பாரை. பாதையைத் தாங்கும் கான்கிரீட் கட்டை ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல் எடை. அதன் அடியில் ஜல்லியைக் கொத்தி இறுக்கி மட்டம் பார்க்கும் முன்கைகளைப் பார்த்தால், உடற்பயிற்சிக் கூடத்துக் கண்ணாடிக்கு முன் வளர்ந்தவை அல்ல என்பது தெரியும். அந்த நரம்போடிய கைகளை நம்பித்தான் நாம் உள்ளே உட்கார்ந்து காபி குடிக்கிறோம். நீங்கள் வியக்கும் பெண் அங்கேயும் நிற்கிறாள். வண்டி போகட்டும் என்று வெயிலில் காத்திருப்பவளை வெறித்துப் பார்க்க வேண்டாம். பார்த்தோம் என்று இருந்தால் போதும்.

காருக்கு நான் பகையாளி இல்லை. மூட்டுவலிக்கார அம்மாவோடு பஸ் போகாத ஊரில் கல்யாணம் என்றால் காரில்தான் போக வேண்டும். கடைசி நேரத்தில் கிளம்பிக் காத்திருப்போர் பட்டியலில் தொங்குவதும் சுகமான அனுபவம் இல்லை. சென்னைக்கு மட்டும் உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள், டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கடிதத்தில் ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது. எடை தூக்கும் பெண்களை இத்தனை காலமாக வியக்கும் உங்கள் வீட்டில், பயிற்சிக்குப் போகிறவர் யார்? நீங்களா, மனைவியா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது.