மூவாயிரம் ஏன் முதலில் தீர்கிறது?

கேள்வி: அண்ணா, என் தம்பி லண்டனில் வேலை செய்கிறான். சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறிவிட்டான். பழையதில் 2200 எம்ஏஹெச் (mAh) பேட்டரி, 12 வாட்ஸ். ஒரு தடவை சார்ஜ் போட்டால் ரெண்டு நாள் நிற்குமாம். இப்போது வாங்கியதில் 3000 எம்ஏஹெச் செல் இரண்டு இருக்கிறது. 70 வாட்ஸில் வைத்திருக்கிறான். ஒரே நாளில் தீர்ந்துவிடுகிறதாம். ஏமாற்றி விற்றுவிட்டார்களா? பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்து உங்களிடம் காட்டலாமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. கொண்டுவர வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். மின்சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாவற்றையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா முழுக்கத் தடை செய்திருக்கிறது. முழுப் பொருளாக வந்தாலும் அதன் பாகமாக வந்தாலும் இறக்குமதி இறக்குமதிதான். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொங்கலுக்கு வருகிற பிள்ளை ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர்கள் முன்னால் நிற்க வேண்டாம். பழுது இருந்தால் அங்கேயே பார்க்கட்டும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். நீங்கள் சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் உங்கள் தம்பியை யாரும் ஏமாற்றவில்லை. வண்ணாரப்பேட்டையில் என் கடைக்கு வருகிறவர்களும் பவர் பேங்கோ எமர்ஜென்சி லைட்டோ எதைக் கொடுத்தாலும் எம்ஏஹெச், அதாவது மில்லி ஆம்பியர் ஹவர், எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அந்த எண் மட்டும் நேரத்தைச் சொல்லாது. அதை வோல்ட்டேஜால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் ஹவர் கிடைக்கும். பேட்டரிக்குள் இருக்கும் சரக்கு எவ்வளவு என்பது அதுதான். அதைக் கருவி இழுக்கிற வாட்ஸால் வகுத்தால் எத்தனை மணி நேரம் ஓடும் என்று தெரிந்துவிடும்.

லித்தியம் செல்லுக்குச் சராசரியாக 3.7 வோல்ட் வைத்துக்கொள்ளுங்கள். பழையதில் 2200-ஐ 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 8 வாட் ஹவர் சொச்சம். 12 வாட்ஸில் ஓடினால் சுமார் 40 நிமிடம். நாள் முழுக்க எரிவதில்லையே, இழுக்கும்போது மட்டும்தானே திரவத்தை ஆவியாக்கும் கம்பிச்சுருள் (காயில்) சூடாகிறது? ஓர் இழுப்பு மூன்று விநாடி என்றால் 800 இழுப்பு வரும். புதியதில் இரண்டு செல்லும் சேர்த்து 22 வாட் ஹவர். சரக்கு இரண்டரை மடங்குக்கு மேல்தான். ஆனால் 70 வாட்ஸ் இழுத்தால் 19 நிமிடம், அதாவது 380 இழுப்பு. பாதிகூட இல்லை. சர்க்யூட்டில் வீணாவதையும், செல் முழுக்கக் காலியாகும் முன்பே கருவி நிறுத்திக்கொள்வதையும் கழித்தால் இரண்டுமே இன்னும் குறையும்.

இரண்டு செல்லைச் சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் 7.4 வோல்ட், 3000 எம்ஏஹெச். பேரலலில், அதாவது பக்கம் பக்கமாகப் போட்டால் 3.7 வோல்ட், 6000 எம்ஏஹெச். பெட்டியில் எந்த எண்ணைப் போட்டாலும் உள்ளே இருப்பது அதே 22 வாட் ஹவர்தான். அதனால் இரண்டு கருவியை ஒப்பிடும்போது எம்ஏஹெச்சை விட்டுவிட்டு வாட் ஹவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சின்னக் கருவிகளில் பெரும்பாலும் நிக்கோட்டின் அதிகமுள்ள திரவத்தை ஊற்றுவார்கள். பிரிட்டனில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. நாலு இழுப்பிலேயே உடம்பு கேட்டது கிடைத்துவிடும். பெரிய கருவிக்கு நிக்கோட்டின் குறைந்த திரவம்தான் வழக்கம், அதனால் கை அடிக்கடி அதைத் தேடும். பழையது ரெண்டு நாள் நின்றதற்கு பேட்டரி மட்டும் காரணமாக இருக்காது. அந்த நிக்கோட்டினையும் விட்டொழிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அக்கா நீங்கள் சொன்னால் கேட்பான்.

அதுவரைக்கும் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். உதிரி செல்லைச் சாவி, சில்லறையோடு பேன்ட் பாக்கெட்டில் போடவே கூடாது. இந்தச் செல்லில் மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் உலோக உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவ் முனையைச் சுற்றியுள்ள விளிம்பும் நெகட்டிவ்தான். உறை ஓர் இடத்தில் கிழிந்து, சாவி அங்கேயும் பாசிட்டிவ் முனையிலும் ஒருசேரப் பட்டால் போதும், ஷார்ட் ஆகி நெருப்பாகிவிடும். தொடை வெந்துபோகும். செல்லுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் டப்பாவின் விலை ரொம்பக் குறைவு.

கேள்வி: படகில் போகிறேன் அண்ணே. தலையில் மாட்டுகிற 3 வாட்ஸ் டார்ச்சுக்கு 9900 எம்ஏஹெச் என்று எழுதிய 18650 செல் வாங்கினேன். ஒரு மணி நேரம் ஆவதற்குள் மங்கிவிடுகிறது. டார்ச் கோளாறா?
– வாசகர், காசிமேடு

பதில்: செல்தான் தம்பி. மேலே போட்ட அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 3 வாட்ஸ் ஒரு மணி நேரம் எரிந்தால் 3 வாட் ஹவர். அதை 3.7-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் சுமார் 800 எம்ஏஹெச். உங்கள் செல்லில் அதுகூட இல்லை. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உடம்புக்குள் நல்ல கம்பெனிகள் அடைப்பதே பொதுவாக 2500 முதல் 3500 வரைதான். 9900 என்று யார் எழுதினாலும் பொய். நடுக்கடலில் வலை இழுக்கிறவன் தலையில் இருக்கும் வெளிச்சத்தில் இப்படிப் பொய் எழுதுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மளிகைக் கடை டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் பொதுவாக 45 கிராம் அளவில் இருக்கும். 30 கிராம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு 3400 எம்ஏஹெச் செல் பொருத்தம், நாலு மணி நேரம் எரியும். கொள்ளளவு கூடிய செல்கள் பொதுவாகப் பெரிய கரண்ட்டைத் தாங்காது. மேலே கேட்ட வாசகியின் தம்பிக்கு 20 ஆம்பியர் தாங்குகிற செல் வேண்டும், அதில் எம்ஏஹெச் குறையும். உங்கள் டார்ச் ஓர் ஆம்பியர்கூட இழுப்பதில்லை, அதனால் கொள்ளளவைப் பார்த்தே வாங்கலாம். உப்புக்காற்றில் ஸ்பிரிங் பச்சை பிடிக்கும். கரைக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

அந்தப் பழைய செல்லைக் குப்பையில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், அது போய்ச் சேருவது கொடுங்கையூர் குப்பைமேட்டில். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். என் கடைக்குக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.