படகை இழுக்க ஆள் வேண்டும்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்தில் ஐடி வேலையில் இருக்கிறேன். நாலு வருடமாக ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கிறேன், பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாது. மனிதர்களே வேண்டாம் என்று ஆகிவிட்டது. போன மாதம் வடக்கே ஷெட்லாந்து தீவுகளுக்குப் போய்வந்தேன். மரமில்லாத மேடுகள், ஓயாத காற்று, ஆடுகள். வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஃபேர் ஐல் மாதிரி ஒரு சின்னத் தீவில் தனியாக இருந்து எழுதலாம் என்று தோன்றுகிறது. அந்தக் குளிரையும் காற்றையும் நம்மால் தாங்க முடியுமா? சைவம் சாப்பிடுகிறவன் அங்கே பிழைக்க முடியுமா? நான் தப்பி ஓடுகிறேன் என்று நினைக்கிறீர்களா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

சாப்பாட்டுக் கவலையை விடுங்கள். அரிசியும் பருப்பும் படகில் வரும், படகு வராத வாரங்களுக்குச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அபர்டீன் குளிரைத் தாங்குகிறவருக்கு அந்தக் குளிரும் பழகிவிடும். டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் சுமார் 6 மணி நேரம்தான் தேறும், அதுதான் ஆளை அமுக்கும். தப்பி ஓடுகிறீர்களா என்பது உங்களுக்கே தெரியும்.

'மனிதர்களே வேண்டாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாளாக செயின்ட் கில்டாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனாலும் இருக்கலாம்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகளையும் தாண்டி, அட்லான்டிக்கில் 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கிடக்கிற தீவுக்கூட்டம் அது. ஹிர்ட்டா என்ற பெரிய தீவில் ஒரே ஒரு தெரு, அதில் ஒற்றை வரிசையாக வீடுகள். செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி இறங்கி ஃபுல்மார், கன்னெட், பஃபின் என்று கடற்பறவைகளைப் பிடித்து வயிறு வளர்த்தார்கள். அதைக் காயவைக்கவும் சேர்த்துவைக்கவும் கிளெய்ட் என்று கல் குடில்கள், ஆயிரத்துக்கும் மேலே. சாந்து கிடையாது, கல்லை அடுக்கி மேலே புல்மண் போட்டு மூடியிருப்பார்கள். காற்று கல்லிடுக்கில் புகுந்து உள்ளே இருப்பதை உலர்த்திவிட்டுப் போகும், மழை உள்ளே வராது. காற்றிடம் இந்த அளவுக்கு வேலை வாங்கத் தெரிந்தவர்கள் காற்றுக்குப் பயந்து ஊரைக் காலி செய்தார்கள் என்று எழுதுகிறார்கள் பாருங்கள், படிக்கும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசி 36 பேரும் ஹேர்பெல் என்ற கப்பலில் ஏறிப் போனார்கள். அந்த வருடம் மே மாதம் அவர்களே அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதினார்கள். அதில் காற்றைப் பற்றிய புகாரே இல்லை. இருக்கிற ஆட்கள் ஊர் வேலைக்கே போதவில்லை, உழைக்கிற ஆண்களும் வெளியூர் வேலைக்குப் போக முடிவு செய்துவிட்டார்கள், ஆடு மேய்ப்பதும் ட்வீட் துணி நெய்வதும் விதவைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான், அவர்கள் போய்விட்டால் இன்னொரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது என்றுதான் எழுதியிருந்தார்கள். ஒருவன் பாறையில் இறங்கினால் மேலே கயிற்றைப் பிடிக்க இன்னொருவன் வேண்டும். படகைத் துடுப்புப் போட்டு ஓட்டவும் கரைக்கு இழுக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் குறைந்துகொண்டே வந்தது. 1852-ல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள், அதில் பலர் வழியிலேயே செத்துப்போனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகள் ஒரு வாரம் பத்து நாளில் டெட்டனஸில் சாவது சர்வசாதாரணம். ஆங்கஸ் ஃபிடெஸ் என்ற பாதிரியார் கிளாஸ்கோ போய், கிருமி அண்டாமல் பிரசவம் பார்க்கிற முறையைக் கற்றுவந்த பிறகுதான் அது நின்றது. 1920-ல் ஊரில் இருந்தது 73 பேர். எட்டு வருடத்தில் அது பாதியாகிவிட்டது. இளையவர்கள் போகப் போக, மிச்சம் இருந்தவர்கள் தலையில் வேலை ஏறிக்கொண்டே போனது. ஆள் குறைந்ததுதான் அந்த ஊரை முடித்தது.

நீங்கள் சொல்கிற ஃபேர் ஐலுக்கும் அந்தக் கதிதான் வந்திருக்க வேண்டும். அங்கும் ஆள் குறைந்து, ஊரைக் காலி செய்துவிடலாமா என்ற பேச்சு அடிபட்டது. 1947-ல் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்ற பறவை ஆர்வலர் தீவை விலைக்கு வாங்கி, அடுத்த வருடமே பறவை ஆய்வகம் தொடங்க வழிசெய்தார். 1954-ல் அது ஸ்காட்லாந்தின் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் கைக்குப் போனது. 1982-ல் காற்றாலை வந்தது. ஆனாலும் காற்று நின்றால் ராத்திரி கரண்ட் கிடையாது, 24 மணி நேர மின்சாரம் 2018-ல்தான் வந்தது. படகும் பள்ளிக்கூடமும் கரண்டும் இருந்ததால் ஐம்பது பேர் அளவிலாவது இன்றைக்கும் அங்கே குடியிருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் அங்கே போயிருக்கிறேன். படகு துறைக்கு வந்ததும் எங்களை இறக்கிவிட்டுப் படகையே கரைக்கு மேலே இழுத்து ஏற்றினார்கள், அலையில் விட்டுவைத்தால் உடைந்துவிடும். படகில் கயிறு பிடித்த மனிதரை மறுநாள் காலை ஓடுதளத்தில் தீயணைப்பு உடையில் பார்த்தேன், எட்டுப் பேர் ஏறுகிற சின்ன விமானம் இறங்குவதற்காக நின்றுகொண்டிருந்தார். மதியம் அவரே மேட்டில் ஆடுகளை வளைத்துக்கொண்டிருந்தார், ஊரே அங்கேதான் இருந்தது. வேலியில் ஒரு இடைவெளி. ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு அங்கே நிறுத்தி, இரண்டு கையையும் விரித்துக் காட்டி, இப்படியே நில்லுங்கள், ஆடு வந்தால் நகராதீர்கள் என்றார். நான் யார், என்ன எழுதுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஈரக் கம்பளி மேலே உரச ஆடுகள் திரும்பி ஓடின, அந்த அம்மா சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு எந்த விருதுக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை.

அங்கே போய் உட்கார்ந்து தனிமை தனிமை என்று எழுதப் போகிறீர்களா? அந்த ஊரில் உங்கள் வீட்டு விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், நீங்கள் ஒருநாள் துறைக்கு வராவிட்டால் தேடி வருவார்கள். 11, 12 வயதில் பிள்ளைகள் மேல்படிப்புக்கு ஷெட்லாந்தின் பெரிய ஊரான லெர்விக்கில் இருக்கிற விடுதிக்குப் போய்விடுகிறார்கள், கடல் கொந்தளித்தால் விடுமுறைக்கும் வர முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வீட்டை அடைத்துக்கொண்டு ஒருவன் மனிதர்களே வேண்டாம் என்று உட்கார்ந்திருப்பது அந்த ஊருக்குச் செய்கிற துரோகம். கடுமையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். களைத்துப்போயிருக்கிறீர்கள், அது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அந்தக் களைப்பை நான் சின்னதாக நினைக்கவில்லை.

அங்கே வீடு காலியானால் டிரஸ்ட் விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பது உண்டு. விண்ணப்பத்தில் எழுத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். அதற்குள் முதலுதவியோ ஜெனரேட்டர் பழுது பார்ப்பதோ ஏதாவது ஒரு கைவேலை கற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பெயர் கேளுங்கள். அப்புறம் அம்மாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசிவிடுங்கள். அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஒன்று என்றால், காற்று அடங்கும்வரை உங்களால் அந்தத் தீவை விட்டுக் கிளம்ப முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.